துக்க வீட்டுக் கூரை

ஏணி கிரீச்சிடவில்லை. ஆனால் கூரை மேல் பலகை ஓடிக்கொண்டிருந்தது.

ஸீர்வான் ரஜாய்க்குள், தடித்த பஞ்சுப் போர்வைக்குள், கண்ணைத் திறந்தபடி கிடந்தான். தலைக்கு மேலே, மண்ணும் வைக்கோலும் குழைத்து மெழுகிய கூரையின் மறுபக்கத்தில், நீளக் கைப்பிடி போட்ட மரப் பலகை பனியை வழித்துக்கொண்டு ஓரம் வரை போய், அங்கே சற்று நின்று, பக்கச் சந்துக்குள் அதைக் கொட்டிவிட்டு, மறுபடி நடுக்கூரைக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்ப்பது போலவே காதால் தொடர முடிந்தது. வழிப்பு. நிறுத்தம். கீழே தொப்பென்று விழும் ஓசை. மறுபடி வழிப்பு. புயல் தொடங்கி மூன்று நாளாகியும் காற்று அடங்கவில்லை. எதிர்ச்சரிவிலிருந்து புறப்பட்டு, பள்ளத்தாக்கு முழுதும் உருண்டு வந்து, கதவின் கீழிடுக்கில் ஊதிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஒரு மனிதன் கூரை மேல் நிற்க முடியுமா என்பதே சந்தேகம். பலகையோ ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

ஏணி ஜன்னலை ஒட்டிச் சாத்தியிருந்தது. அதன் நடுப்படி ஒன்று ஆடும். யார் கால் வைத்தாலும் கோழியை மிதித்தது போல் கத்தும். இந்தக் குளிர்காலத்தில் அது கத்தி ஒரு தடவையாவது கேட்டோமா என்று யோசித்தான். நினைவில்லை. காது வரை ரஜாயை இழுத்துப் போர்த்தியிருந்தால் கேட்டிருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வெளியே பகல்தான். ஜன்னலைப் பனி மூடியிருந்ததால் அறைக்குள் சாம்பல் கலந்த நீலம் மட்டும் இருந்தது. மின்சாரம் போய்விட்டது. குளிர்காய, ரஜாயின் நடுப்பகுதி ஒரு தாழ்ந்த மேசை மேல் விரிந்திருந்தது. அதன் அடியில் கரித்தட்டு. தட்டில் கரி வெளுத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் வாசனை, ஈரக் கம்பளி வாசனை, எங்கோ புளித்துப்போன தயிரின் வாசனை. மேசைக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி ரோனாக்கின் திண்டு அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அக்ரூட் உதிரும் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மரீவான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அவன் வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தான், அவள் பின்பக்கம் கிடந்தாள். அவன் அழவில்லை. இன்றுவரை அழவில்லை. அதைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று மட்டும் நினைத்தான்.

சாவு விழுந்த வீட்டுக்காரன் அந்த ஆண்டின் குளிர்காலத்தில் பலகையைத் தொடக் கூடாது. அக்கம்பக்கத்தார் வந்து அவன் கூரையைத் தள்ளித் தருவார்கள். அவனே ஏறித் தள்ளினால், இந்தச் சந்தில் மனுஷர்களே இல்லையா என்று அடுத்த சந்து சிரிக்கும். பதிலுக்கு அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேலே பலகை ஓடும் சத்தம் கேட்டதும் புகைத்துளைக்கு அடியில் வந்து நின்று, "களைப்பு வராம இருக்கட்டும்" என்று குரல் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து இறங்கியவரை உள்ளே அழைத்து, தேநீரும் உலர்ந்த திராட்சையும் வைத்து, முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான்.

முதல் பனி விழுந்த அன்று அவன் ரஜாய்க்குள் இருந்தான். சத்தம் கேட்டது. எழுந்திருக்க நினைத்தான். குரல் வரவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். அடுத்த முறை வந்தபோது, முதல் முறைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறை இரண்டுக்கும். ஒவ்வொரு பனிக்கும் அந்த வெட்கம் ஒரு அடுக்கு ஏறிக்கொண்டே போனது. பிறகு அவன் அந்த ஆளின் கண்ணில் படாமல் இருக்கப் பின்வழியாகப் போய் ரொட்டி வாங்கத் தொடங்கினான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன், சனந்தஜ் கல்லூரியில் படித்தவன், ஒரு 'களைப்பு வராம இருக்கட்டும்' சொல்ல வக்கில்லாமல் ஆட்டுக்கொட்டகைகளின் பின்னால் குனிந்து குனிந்து நடந்தான்.

அந்த ஆள் விர்யா. அதில் ஸீர்வானுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கீழ்வீட்டுக்காரன் அவன்தான், முறை அவனுடையதுதான். அவன் வீட்டுக் கூரைதான் ஸீர்வானின் முற்றம். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் ஊரில் ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் நடந்தாக வேண்டும்.

வழிப்பு. நிறுத்தம். தொப்.

அப்போது ஏணி கத்தியது.

ஸீர்வான் ரஜாயைக் காதிலிருந்து விலக்கினான். ஏணி மறுபடியும் கத்தியது. கனத்த ஆள், கையில் எதையோ பிடித்துக்கொண்டு ஏறுகிறான். இருமினான். பனியைச் சபித்தான். விர்யாவின் குரல்தான் அது.

மேலே பலகை நிற்கவே இல்லை.

"யாருப்பா அது?" விர்யா காற்றை மீறிக் கத்தினான். "ஏய்! உன்னத்தான்!"

பலகை நின்றது.

கனத்த காலடிகள் இரண்டு மூன்று. பிறகு சிரிப்பு.

"அட, நீயா! வாத்தியாரே! வெட்கமா இல்லயா உனக்கு? மூணு தரம் வந்தேன்டா இந்தக் கூரைக்கு. மூணு தரமும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. எவனோ எனக்கு முந்திக்கிறான்னு கஸால்கிட்ட சண்டையெல்லாம் போட்டேன். கடைசில பார்த்தா நீயே தள்ளிக்கிட்டு இருக்கே. துக்க வீட்டுக்காரன் பலகை பிடிச்சா நாங்க மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? குடு இப்படி. குடுடாங்கறேன்!"

ஸீர்வான் ரஜாய்க்குள் தன் கைகளைத் தேடினான். இரண்டும் இருந்தன. ஒன்றை இன்னொன்றால் பிடித்துக்கொண்டான்.

மேலே ஒரு பதில் சொல்லப்பட்டது போலிருந்தது. சொல் கேட்கவில்லை. பேச்சுக்குரிய இடைவெளி மட்டும்.

"என்ன சொல்றே?" விர்யாவின் குரலில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "கீழயா? கீழ யாரு இருக்கா உன் வீட்ல?"

காலடிகள் நடுக்கூரைக்கு வந்தன. புகைத்துளையின் தகர மூடி நகர்ந்தது. வெளிச்சம் ஒரு பட்டையாக அறைக்குள் இறங்கியது. அதோடு மாவு போல் பனித்தூளும். விர்யாவின் தொப்பி தெரிந்தது, உறைந்த மீசை தெரிந்தது. அவன் கண்கள் இருட்டுக்குப் பழக முயன்றன.

அவ்வளவு நாளும் யாரிடமிருந்து ஒளிந்து திரிந்தானோ அந்த மனிதன், நேருக்கு நேர். முகத்தைக் காட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணே, நான் இங்க இருக்கேன், அங்க இருக்கறது யாருன்னு பாருங்க என்று சொல்லியிருக்கலாம்.

ஸீர்வான் ரஜாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"யாரோ படுத்திருக்காங்களே..." விர்யா சொன்னான். குரல் இறங்கியது. "வாத்தியாரே... கீழ படுத்திருக்கறது யாரு? நீ இங்க..."

காய்ந்த ஓசை ஒன்று. பலகை வழிக்கும் ஓசை இல்லை. பலகை எதிலோ பட்ட ஓசை.

பிறகு சந்துக்குள் ஏதோ விழுந்தது. பனிக்கட்டி அப்படி விழாது.

ரஜாய்க்குள் அவன் மூச்சு அவன் முகத்திலேயே பட்டுக்கொண்டிருந்தது. திறந்திருந்த புகைத்துளை வழியாகப் பனி உள்ளே விழுந்து மேசை மேல் சத்தமில்லாமல் சேர்ந்தது. கூரை மேல் யாரும் நடக்கவில்லை. யாரும் இறங்கவில்லை. நேரம் போனது.

அவன் தலை மாட்டில் இருந்த சுவர் சந்துப் பக்கச் சுவர். கல்லும் மண்ணும். அதற்கு அந்தப் பக்கம் இத்தனை நாளாகக் கொட்டிய பனி, இரண்டு ஆள் உயரம்.

சுவருக்குள்ளிருந்து தட்டும் ஓசை வந்தது.

மெதுவாக. கல்லில் ஏதோ ஒரு சின்னப் பொருளால். மோதிரமாக இருக்கலாம். தட்டு, தட்டு. ஓய்வு. தட்டு.

உயிரோடு இருக்கிறான்.

ஸீர்வான் எழுந்து உட்கார்ந்தான். ஒரு காலைக் காலணிக்குள் நுழைத்தான். வெளியே ஓட வேண்டும், கத்த வேண்டும், ஆட்களைக் கூப்பிட வேண்டும். எல்லாம் தெரிந்தது. வருவார்கள், தோண்டுவார்கள், கேட்பார்கள். எப்ப விழுந்தான்? சத்தம் கேட்டுச்சா? கேட்டும் படுத்திருந்தியா? அவன் மூஞ்சியக் காட்டினப்போ நீ என்ன பண்ணினே? மேல வேற யாரு இருந்தா? அந்தக் கடைசிக் கேள்வியை நினைத்தபோது மற்ற காலுக்கு உணர்ச்சி போய்விட்டது. ஒரு காலணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

தட்டு. தட்டு.

கதவிலும் தட்டினார்கள்.

"தம்பி! ஸீர்வான் தம்பி! கதவைத் திற. கடிச்சுத் தின்ன மாட்டேன்."

விர்யாவின் மனைவி கஸால். அவன் கதவை உள்பக்கமாக இழுத்தான். இடுப்பளவுப் பனி, கதவின் பலகைக் கோடுகளை அச்சாக வாங்கிக்கொண்டு சுவர் போல் நின்றது. அதற்கு மேலே அவள் முகம். சால்வைக்குள் எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எங்க தலைக்கு மேல நீ நடக்கற சத்தம் கேட்டே ரொம்ப நாளாச்சு. கூரை மேல பூனை இருந்தாக்கூடத் தெரியும். நீ என்ன, பறக்கறியா?" அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "எப்பப்பா கழுவினே இதை?"

"மதினி..."

"அவரு இங்க வந்தாரா? இன்னிக்கு அந்தத் திருடனப் பிடிச்சுட்டுத்தான் வருவேன்னு பலகையத் தூக்கிக்கிட்டுப் போனாரு."

"எந்தத் திருடன்?"

"அவரோட நன்மைய அடிச்சுட்டுப் போறவன். உன் கூரைய அவருக்கு முந்தி எவனோ தள்ளிடறானாம். ராத்திரி பகலா அதே புலம்பல். சின்னப் புள்ள மாதிரி."

அவள் தோளுக்குப் பின்னால், ஜன்னல் ஓரத்தில், ஏணி தெரிந்தது. படிகளில் பனி உதிர்ந்து, கால் பட்ட இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. அவள் தலையைத் திருப்பினால் போதும். ஸீர்வான் கதவு நிலைக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, பேச்சுக்கு வசதியாக நெருங்குகிறவன் போலச் சாய்ந்தான். அவள் கண் அவனோடு நகர்ந்தது. ஏணி அவளுக்கு முதுகுப் பக்கமே இருந்தது.

"வரல," என்றான்.

"வரலயா?"

"இல்ல மதினி. இங்க யாரும் வரல."

"மேல ஏதோ சத்தம் கேட்டுச்சே, கொஞ்சம் முன்னாடி?"

"காத்து."

சுவருக்குள் தட்டும் ஓசை அப்போதும் வந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் காற்றில் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

"அப்ப ஊத்துப் பக்கம் போயிருப்பாரு. அங்க ஒரு மாட்டுக் கொட்டகை கூரை இறங்கிடுச்சாம். யாரு கூப்பிட்டாலும் ஓடுவாரு, சொல்லிட்டுப் போற பழக்கம் கிடையாது." அவள் குரலில் இருந்த எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. அதை அவள் வெளியே விடவில்லை. "பசங்கள அந்தப் பக்கமே அனுப்பறேன். இந்தா, பிடி."

சால்வைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ரொட்டியை எடுத்து நீட்டினாள். கீரை வைத்து, வெண்ணெய் தடவிச் சுட்டது. அவள் நெஞ்சுச் சூடும் கல்லின் சூடும் சேர்ந்திருந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

"சூட்டோட சாப்பிடு. அவ இருந்தா உன்ன இப்படி விட்டிருப்பாளா?" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்து காற்றுக்குள் நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்களின் குரல் கேட்டது. விர்யா... விர்யா... ஊற்றுக்குப் போகும் வழியில், தூரம் போகப் போக மெலிந்து, பள்ளத்துக்குள் இறங்கி, காற்றோடு கலந்தது. அவன் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் தப்பான திசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரொட்டி அவன் கையைச் சுட்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

பிறகு பலகை தொடங்கியது.

வழிப்பு. நிறுத்தம். தொப்.

முன்பு கூரையின் எல்லாப் பக்கமும் போய்வந்த ஓசை, இப்போது ஒரே தடத்தில். நடுக்கூரையிலிருந்து சந்து ஓரத்துக்கு. சந்தில் ஒரே இடத்துக்கு. சுவருக்குள் தட்டும் ஓசை வந்துகொண்டிருந்த இடத்துக்கு நேர் மேலே. அவசரம் இல்லை. கோபம் இல்லை. நல்ல வேலைக்காரனின் நிதானம். ஒவ்வொரு கொட்டலுக்கும் பிறகு தட்டல் சற்று நின்றது. சற்று தாமதமாக மறுபடி வந்தது. இன்னும் சற்று ஆழத்திலிருந்து வருவது போல.

தொப்.

தட்டு.

தொப்.

ஸீர்வான் ரொட்டியைத் தரையில் போட்டான். வீட்டுப் பலகை உள்ளே இல்லை. வருகிறவர்களுக்காக வாசலில் சாத்தி வைத்திருந்தான். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. செம்புத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டான். ரோனாக் திராட்சை பரப்பும் தாம்பாளம். கதவோரப் பனியில் அதைச் செருகி, வழி வெட்டி, மார்பால் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான்.

காற்று அவன் வாயிலிருந்து மூச்சைப் பறித்தது. கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன. கீழ்வீடுகளின் புகை கிடைமட்டமாக ஓடி மறைந்தது. மூலை திரும்பிச் சந்துக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றது. இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே பனி மேடு. மேலே சாம்பல் நிற வானத்தின் ஒரு கீற்று. அந்தக் கீற்றை வெட்டிக்கொண்டு அவன் கூரையின் விளிம்பு.

அவன் மேலே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தான்.

மேட்டில் ஏறித் தோண்டினான். தாம்பாளம் வளைந்தது. பொடிப் பனி, அதற்குக் கீழே கெட்டிப் பனி. முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம். விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. மேலே பலகை வழித்தது, நின்றது; அவன் பிடரியிலும் தோளிலும் பனி வந்து விழுந்தது. உதறினான். தோண்டினான். மறுபடி விழுந்தது. கொட்டுகிறவன் அவனைக் கவனித்த மாதிரியே இல்லை. அல்லது, இவன் வருவான் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

மார்பு ஆழம். தாம்பாளத்தின் விளிம்பு துணியில் மாட்டியது.

கையால் பறித்தான். கம்பளிக் கை. அதற்குள் விரல்கள். மோதிரம். விரல்கள் அசைந்தன. அவன் கையைப் பிடித்தன. கெட்டியாக. தண்ணீரில் மூழ்குகிறவன் பிடிப்பது போல. அந்தக் கையில் இன்னும் சூடு இருந்தது.

"அண்ணே," என்றான் ஸீர்வான். அவன் குரல் உடைந்திருந்தது. "விர்யா அண்ணே, வந்துட்டேன்."

பனிக்குள்ளிருந்து, கம்பளிக்குள் பேசுவது போல: "யாரு?"

"நான்தான். ஸீர்வான்."

கை பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

முழு பலத்தோடு. நெருப்பைத் தொட்டது போல. அவன் விடாமல் பிடித்தான். அது முறுக்கித் திமிறியது.

"வேணாம்டா..." குரல் வந்தது. "ஸீர்வான்... ஏண்டா? நான் என்னடா பண்ணினேன் உனக்கு?"

"நான் இல்லண்ணே. அது நான் இல்ல."

"உன் மூஞ்சியப் பார்த்தேன்டா."

பனி விழுந்தது. தோண்டிய குழியில் பாதி மூடியது. ஸீர்வான் தாம்பாளத்தைத் தூக்கினான்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

இவனை வெளியே எடுத்தால், இவன் சொல்லுவான். முற்றத்தில், எல்லார் முன்னாலும், கஸால் முன்னால். வாத்தியார்தான் என்னை அடிச்சான், நானே பார்த்தேன் என்பான். அவள் திரும்பி அவனைப் பார்ப்பாள். இங்க யாரும் வரலன்னியே என்பாள். ஏணிப் பக்கம் அவளைத் திரும்ப விடாத தோளைப் பார்ப்பாள். ரொட்டி கொடுத்த கையைப் பார்த்துக்கொள்வாள். இனி எந்தச் சந்தில், எந்தக் கொட்டகைக்குப் பின்னால் நடப்பது?

எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. நீண்ட நேரம் இல்லை. ஒரு மூச்சு. இரண்டு. தாம்பாளம் கையிலேயே இருந்தது. அந்த நேரம் முழுதும் கூரையிலும் பலகை நின்றிருந்தது. வேலையில் இருப்பவன் கூட்டாளிக்காகக் காத்திருப்பது போல.

பிறகு பனிக்குள்ளிருந்த கை திமிறுவதை விட்டது. தளர்ந்தது. மெல்ல, தயங்கி, மறுபடி அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. வேறு போக்கிடம் இல்லாத கை.

ஸீர்வானுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதமாக வராதது. கண் சுட்டது. எடுத்துவிடுகிறேன் அண்ணே, என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான்.

முற்றத்தில் காலடிகள். பனியில் புதைந்து புதைந்து, மூச்சிரைத்து.

"தம்பி!" கஸாலின் குரல். மூலைக்கு அந்தப் பக்கம். பத்தடிகூட இருக்காது. "ஸீர்வான் தம்பி! அங்கயும் இல்லப்பா! எங்கயும் இல்ல! எங்க இருக்கே நீ?"

கத்த வேண்டும். இங்கே என்று ஒரு சொல். அவன் வாய் திறந்திருந்தது. பனிக்காற்று பல்லில் பட்டது. அந்தச் சொல்லுக்குப் பிறகு சொல்ல வேண்டிய மற்றச் சொற்கள் எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"இங்க இருக்கேன் மதினி."

மேலிருந்து. கூரை விளிம்பிலிருந்து. அவனுடைய குரல். ஆனால் திடமான குரல், பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல், ரோனாக் இருந்த காலத்தில் அவனுக்கு இருந்த குரல்.

"மேலயா இருக்கே? நீ ஏம்ப்பா பலகை பிடிச்சே?" கஸால் அழத் தொடங்கியிருந்தாள். "அவரு கிடைக்கல. கொட்டகைப் பக்கம் வரவே இல்லங்கறாங்க."

"உள்ளயே படுத்துக் கிடக்க வெட்கமா இருந்துச்சு மதினி. அதான் ஏறிட்டேன். அழாதீங்க. அண்ணன் எங்க போயிடப்போறாரு? வந்துடுவாரு."

"இந்தப் பக்கம் நிஜமாவே வரலயா?"

"வரல மதினி. வந்திருந்தா என் கண்ணுல படாமப் போவாரா? நீங்க காத்துல நிக்காதீங்க. கதவு திறந்துதான் இருக்கு, உள்ள போய் உட்காருங்க. நான் வந்து டீ போடறேன். இந்த ஓரம் மட்டும் கொஞ்சம் பாக்கி."

"மதினி," என்றான் ஸீர்வான். காற்றுதான் வந்தது. "மதினி!"

பனி நேராக அவன் முகத்தில் விழுந்தது. வாய்க்குள். மூக்குக்குள். துப்பினான். இன்னொன்று விழுந்தது. கை இரண்டையும் மேலே தூக்கப் பார்த்தான். ஒன்றுதான் வந்தது. மற்றது மணிக்கட்டோடு பிடிபட்டிருந்தது. அந்தப் பிடி விடவில்லை.

கதவு மூடும் சத்தம் கேட்டது.

இன்னொரு கொட்டல். தோள் வரை. கழுத்து வரை. அசைய இடமில்லை. முகத்துக்கு மேலே ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் சாம்பல் வானம் மிச்சமிருந்தது.

அந்த வட்டத்துக்குள் ஒரு தலை குனிந்து பார்த்தது.

சவரம் செய்த முகம். கழுவித் துடைத்த முகம். தலைமுடியை ஒழுங்காக வாரியிருந்தது. அவன் கண்ணை நேராகப் பார்த்தது. பார்வையைத் தாழ்த்தவில்லை, திருப்பவில்லை. எவர் முன்னாலும் போய் நிற்கக்கூடிய முகம். அதில் வெட்கம் என்பதே இல்லை.

பிறகு அது நிமிர்ந்து, பலகையை எடுத்தது.